ஒரு லோரி கித்தா கட்டை வாங்கலாமா?

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் சின்னதாகக் கேட்டரிங் நடத்தும் ஒரு தம்பியின் கேள்வி இது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விறகடுப்பில் பிரியாணி போடுகிறார். வாரத்துக்கு 8 அண்டா, ஒவ்வொன்றிலும் 10 கிலோ அரிசி. இதுவரை பிளந்து காயவைத்த விறகைக் கட்டுக்கட்டாக வாங்கி எரித்து வந்திருக்கிறார். இப்போது கூலிம் பக்கம் கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம், அழிக்கும் ஒருவர், மூன்று டன் லோரி நிறைய உருட்டுக்கட்டையாகவே கொண்டுவந்து இறக்குகிறேன், டன் கணக்கில் காசு கொடுங்கள் என்கிறாராம். "விலையைப் பார்த்தால் பாதிக்குப் பாதி லாபம் போலத் தெரிகிறது. வாங்கிப் போட்டு இரண்டு வருஷம் விட்டால் நல்ல விறகாகிவிடும் என்று படித்தேன், சரிதானா?" என்று கேட்கிறார்.

வாங்கலாம் தம்பி. ஆனால் டன் கணக்கில் பேசாதீர்கள், இரண்டு வருஷம் போட்டும் வைக்காதீர்கள். இந்த இரண்டு தப்பையும் நானே செய்திருக்கிறேன். எங்கள் அப்பா பட்டர்வொர்த்தில் விறகுக்கடை வைத்திருந்தவர். வீடுகளுக்கு கேஸ் வந்ததும் கடை படுத்துவிட்டது. நான் இப்போது கோயில் மடப்பள்ளிகளுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் விறகு போடுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்திருந்ததில் பாதியை நான் காசு தொலைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் அந்த இரண்டு வருஷம். அது குளிர்நாட்டுக்காரர்களின் கணக்கு. அங்கே ஓக், பீச் போன்ற மரங்கள். வருஷத்தில் பாதி நாள் குளிரும் ஈரமுமாகக் கிடப்பதால் எதுவும் காயாது, கோடையில் மட்டும்தான் காயும். பூச்சியும் பூஞ்சையும்கூட அந்தக் குளிரில் அடங்கிக் கிடக்கும். அதனால் இரண்டு கோடை பார்க்கட்டும் என்று சொல்கிறார்கள், அவர்களுக்கு அது சரி. நம் ஊரில் வருஷம் முழுக்க 30 டிகிரிக்கு மேல் அடிக்கும் வெயில். பிளந்த விறகு சில மாதத்தில் காய்ந்துவிடும். அப்புறம் எத்தனை வருஷம் வைத்தாலும் அதற்குமேல் காயாது. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். மலேசியக் காற்றில் அந்த நிலை ஏறக்குறைய 15 முதல் 18 சதவீத ஈரம். அங்கே வந்து நின்ற விறகுக்கு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் வண்டுக்குக் கொடுக்கும் மாதம்தான்.

வண்டு என்று ஏன் சொல்கிறேன் என்றால், கித்தா மரத்தில் மாவுச்சத்து அதிகம். சாலமரம், செங்கால் போல உள்ளே தனியாக இருண்ட வைரம் பாய்ந்திருக்காது, அடிமுதல் நுனிவரை வெளுத்த கட்டைதான். மாவுவண்டுக்கு அது விருந்து. ஒரு தடவை மலிவாகக் கிடைத்ததென்று வேண்டிய அளவைவிட இரண்டு பங்கு வாங்கி, கொட்டகையின் பின்வரிசையில் அடுக்கி மறந்துவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு துண்டைத் தூக்கினேன், கை சட்டென்று மேலே போனது. எதிர்பார்த்த கனம் அதில் இல்லை. மேலே பார்த்தால் நல்ல விறகுதான், குண்டூசியால் குத்தினாற்போலச் சில ஓட்டைகள் மட்டும். தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். சலித்த மைதா மாதிரி தூள் காலடியில் கொட்டியது. அந்த வரிசை முழுவதும் அப்படியே. எரித்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி குப்பென்று பிடித்து அணைந்துபோனது, கங்கே நிற்கவில்லை. உளுத்த விறகில் பால் காய்ச்சலாம், அண்டா ஏற்ற முடியாது.

அதனால் எவ்வளவு வாங்குவது என்பதை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் அடுப்பு எவ்வளவு தின்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். 10 கிலோ அரிசி அண்டாவுக்கு வெங்காயம் வதக்குவதில் தொடங்கி தம் போட்டு இறக்கும்வரை, மூன்று பக்கம் மறைத்த அடுப்பில் எனக்குத் தெரிந்து 15 கிலோ காய்ந்த விறகு ஆகும். காற்றடிக்கும் நாளில் 20. வாரத்துக்கு 8 அண்டா என்றால் 120 முதல் 160 கிலோ. சராசரி 140 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லோரிக்கு வருவோம். மூன்று டன் லோரியின் தட்டு ஏறக்குறைய 14 அடி நீளம், ஆறரை அடி அகலம். அதில் இரண்டரை அடி உயரத்துக்குக் கட்டை அடுக்கினால் 227 கன அடி, கன மீட்டர் கணக்கில் ஆறரைக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அது முழுக்க மரம் இல்லை. கோணல் கட்டைகளுக்கு நடுவே காற்றும் இருக்கிறது. நேரான கட்டையை ஒழுங்காக அடுக்கினால் மூன்றில் இரண்டு பங்கு மரம் வரும். தோட்டத்திலிருந்து வாரிப்போட்டு வரும் கட்டையில் 60 சதவீதம் வந்தால் சந்தோஷப்படுங்கள். ஆக உண்மையான மரம் 3.9 கன மீட்டருக்கு உள்ளேதான். அன்றைக்கு வெட்டிய கித்தா கன மீட்டருக்கு 900 கிலோ அளவுக்கு நிற்கும். அதாவது இரண்டரை அடி உயரத்திலேயே மூன்றரை டன் ஆகிவிட்டது. தலைக்குமேல் குவித்துக்கொண்டு வந்து "மூன்று டன்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், ஒன்று கட்டை பழசு, இல்லை நடுவே வெறும் காற்று, இல்லை சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கண்ணில் படாமல் வந்திருக்கிறார்.

இப்போது தண்ணீர். மரத்துறையில் ஈரத்தைக் காய்ந்த மரத்தின் எடையில் சதவீதமாகச் சொல்வார்கள், அதனால் சில பச்சை மரங்களில் அது 100-ஐத் தாண்டும். புதிதாக வெட்டிய கித்தாவில் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். 1,000 கிலோ பச்சைக் கட்டையில் மரம் 588 கிலோ, மீதி 412 கிலோ தண்ணீர். அதை 18 சதவீதத்துக்குக் காயவைத்தால் 694 கிலோ நிற்கும். மூன்றரை டன் லோரி, காய்ந்த பிறகு 2.4 டன். ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர் காற்றோடு போய்விட்டது. நீங்கள் டன் கணக்கில் காசு கொடுத்திருந்தால் அந்தத் தண்ணீருக்கும் கொடுத்திருக்கிறீர்கள். நேற்று வெட்டிய கட்டைக்கும் ஒரு மாதம் வெயிலில் கிடந்த கட்டைக்கும் டன் விலை ஒன்றுதான் என்று விற்பவர் சொன்னால், அவருக்கு நேற்று வெட்டியதை விற்பதில்தான் லாபம். மழையில் நனைந்த பட்டையோடு எடைமேடை ஏறினால் இன்னும் லாபம்.

ஆகவே என் வழக்கம் இது: பச்சைக் கட்டையை அளவில் வாங்குவேன், காய்ந்த விறகை எடையில் வாங்குவேன். காய்ந்த பிறகு எந்த மரமானாலும் ஒரு கிலோ ஏறக்குறைய ஒரே சூடுதான் கொடுக்கும், அதனால் அங்கே எடை நியாயமான அளவு. பச்சையில் எடை பொய் சொல்லும். லோரி தட்டில் அடுக்கிய உயரத்தை டேப் வைத்து அளந்து, "இத்தனை அடி உயரத்துக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்)" என்று பேசிவிடுங்கள். ஏற்றும்போது அடுக்கி ஏற்ற வேண்டும், கொட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில தவுக்கேக்கள், அதாவது முதலாளிகள், முகம் சுளிப்பார்கள். தோட்டம் அழித்து மறுநடவு செய்ய அவசரப்படுபவர் சரி என்பார், அவருக்கு அந்தக் கட்டை போக வேண்டும்.

2.4 டன்னை வாரம் 140 கிலோவால் வகுத்தால் 17 வாரம், நாலு மாதம். இது உங்களுக்கு நல்ல அளவு. ஒரு லோரி எரிந்துகொண்டிருக்கும்போது அடுத்த லோரி பிளந்து காய்ந்துகொண்டிருக்க வேண்டும். வருஷத்துக்கு மூன்று லோரி, இரண்டு அடுக்கு. நாலாவது லோரிக்கு ஆசைப்படாதீர்கள். அதுதான் பின்வரிசைக்குப் போய் மாவாகும்.

எந்தக் கட்டை வருகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கித்தா மரத்தை 25, 30 வயதில் பால் குறைந்ததும் வெட்டுகிறார்கள். நேரான, பருமனான அடிமரம் பலகை ஆலைக்குப் போய் மேசை நாற்காலியாகிறது. விறகுக்கு வருவது மேற்பகுதியும் கிளையும் கோணலும்தான். அதில் தப்பில்லை. தொடை பருமனுக்கு உட்பட்ட கட்டையை நாலாகப் பிளப்பது சுலபம். ஆனால் கிளை பிரியும் இடமாகவே பாதி லோரி வந்தால் கூலி இரட்டிப்பாகும். அந்தக் கணுவில் கோடாலி இறங்காது, பிடி உடையும், ஆள் உங்களைத் திட்டுவான். முடிந்தால் தோட்டத்துக்கே போய்க் குவியலைப் பாருங்கள். போகும்போது கோடாலியை எடுத்துப்போங்கள். கையில் கிடைத்த ஒரு கட்டையைப் பிளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

வெட்டி எத்தனை நாள் என்பதை முனையே சொல்லிவிடும். அன்றைக்கு வெட்டிய கட்டையின் வாயைப் பார்த்தால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வெள்ளை வளையமாகப் பால் முத்துமுத்தாக நிற்கும். தொட்டால் விரலில் இழுபடும். மரம் வெளிர் மஞ்சளாக, சீவிய முள்ளங்கி மாதிரி ஈரமாக இருக்கும். சில நாளில் பால் கறுத்து ரப்பராகச் சுருண்டுவிடும், முனையில் மை தெளித்த மாதிரி நீலக்கறுப்புப் படரும். அது பூஞ்சைக் கறை. கறையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேசை செய்பவருக்குத்தான் அது கெடுதல், எரிக்கிற உங்களுக்கு இல்லை. ஆனால் பட்டையை நகத்தால் தட்டிப் பாருங்கள். ரவை போன்ற தூள் உதிர்ந்தாலோ, கட்டை மெத்தென்று அழுங்கினாலோ, அதை இறக்க விடாதீர்கள்.

இறங்கிய கட்டையை அப்படியே உருட்டி வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. உருட்டுக்கட்டை காயாது, அழுகும். மரத்தின் ஈரம் நாரின் போக்கில் முனை வழியாக வேகமாகப் போகும், குறுக்கே பட்டையைத் துளைத்துக்கொண்டு போக அதற்குப் பல மடங்கு நேரமாகும். ஆறடிக் கட்டைக்கு இரண்டே முனை, நடுவிலுள்ள ஈரம் எங்கே போகும்? ஒன்றரை அடியாக அறுத்தால் எட்டு முனை. அதைப் பிளந்தால் பட்டை மூடாத புது முகங்கள் கிடைக்கும், அவையும் ஈரத்தைக் கக்கும். அதனால் வந்த வாரத்திலேயே அறுத்து, அடுத்த வாரத்துக்குள் பிளந்துவிடுங்கள். கித்தா பச்சையில்தான் சுகமாகப் பிளக்கும். காய்ந்தபின் நார் இறுகி ஆப்பைக் கவ்விக்கொள்ளும். கடைசித் துண்டு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி, மணிக்கட்டிலிருந்து முன்கை பருமன் வரை போதும். தம் போடுகிற நேரத்துக்கு வேண்டுமானால் கொஞ்சம் பெரிதாகச் சில துண்டு.

அடுக்கும் இடத்துக்கு மேலே ஜிங்குத் தகரம், பக்கம் நாலும் திறப்பு. இவ்வளவுதான் வேண்டும். தரையிலிருந்து அரை அடி உயர்த்துங்கள், இல்லாவிட்டால் கீழ்வரிசை கறையானுக்கு. வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், கறையான் விறகோடு நிற்காது, கதவு நிலைக்கும் ஏறும். ஒரு துண்டு அகலத்துக்கு ஒரு வரிசை, அடுத்த வரிசைக்கு முன் ஒரு சாண் இடைவெளி, பிற்பகல் கடற்காற்று அதற்குள் புகுந்து போகட்டும். வெயில் நேரடியாக அடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம்.

கேன்வாஸ் போட்டு நாலு பக்கமும் இழுத்து மூடுவது இருக்கிறதே, அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஒரு செப்டம்பர் மழையில் பயந்துபோய் அப்படி மூடினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே குளியலறை மாதிரி புழுக்கம், விறகில் காளான் பூத்திருக்கிறது. மேலே கேன்வாஸ் குழிந்த இடத்தில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது. டிங்கி சோதனைக்குச் சுகாதார அதிகாரிகள் வந்தால் அபராதம் உண்டு, 1975-இல் வந்த நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அபராதத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தத் தெருவில் முகம் காட்ட முடியாது. கேன்வாஸ் வேண்டுமானால் மேலே மட்டும், சரிவாக, இறுக்கிக் கட்டுங்கள். இன்னொன்று, அடுக்கில் கைவிடும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். தேளும் பாம்பும் விறகு அடுக்கைவிட நல்ல வீடு கேட்பதில்லை.

எத்தனை நாளில் காயும்? என் கொட்டகையில் மணிக்கட்டுப் பருமன் கித்தா, ஜனவரி பிப்ரவரியில் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் எரிக்கும் பதத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் மூன்று மாதம் ஆகிறது. பினாங்கில் வருஷத்திலேயே மழை குறைந்த மாதங்கள் அந்த இரண்டும்தான். செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும், ஏப்ரல், மேயிலும் ஒரு சுற்று உண்டு. அதனால் உங்கள் மூன்று லோரியை நவம்பர் கடைசி, மார்ச் தொடக்கம், ஜூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் வந்தது மார்ச்சிலிருந்து எரியும், மார்ச்சில் வந்தது ஜூலையிலிருந்து, ஜூலையில் வந்தது தீபாவளி ஆர்டரிலிருந்து தைப்பூசம் வரை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் சமையல் எடுப்பவர்கள் டிசம்பரில் விறகு தேடி ஓடுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். அப்போது கிடைப்பது பச்சை விறகும் பல்லைக் கடிக்கிற விலையும்தான்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். ணங்கென்று கணீர் சத்தம் வந்தால் சரி, தொப்பென்று விழுந்தால் இன்னும் இருக்கட்டும். முனையில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தடவி மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் நுரை வரும், அப்போது நாளங்கள் திறந்துவிட்டன என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. ஊசி வைத்த ஈரமானி வாங்கினால் இன்னும் நிச்சயம், ஆனால் வெளிமுகத்தில் குத்தாதீர்கள். துண்டை அப்போதே பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளியே 14 காட்டும் துண்டு உள்ளே 26 காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். 20-க்குக் கீழே வந்தால் அடுப்புக்கு அனுப்பலாம்.

ஈர விறகை எரித்தால் என்ன, கொஞ்சம் அதிகமாகப் போட்டால் போகிறது என்று சமையல்காரர்கள் சொல்வார்கள். கணக்குப்படி பார்த்தால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 412 கிலோ தண்ணீரை ஆவியாக்கத் தேவையான சூடு, அதனுடன் இருக்கும் 588 கிலோ மரத்தின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான். நஷ்டம் அங்கே இல்லை. ஆவி கிளம்பும்போது நெருப்பின் சூடு இறங்கிவிடுகிறது. சூடு இறங்கினால் மரத்திலிருந்து வரும் வாயு எரியாமல் புகையாகவே போய்விடும். கண்ணைக் கரிக்கும் அந்தப் புகைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள். அண்டாவின் அடியில் தார் மாதிரி படிகிற கறுப்பும் அதுதான். பச்சைக் கித்தாவில் பட்டையிலுள்ள பால் வேறு எரிந்து, டயர் கொளுத்தின வாடையோடு கரும்புகை கிளப்பும். பிரியாணியில் அந்த வாடை ஏறினால் ஏலக்காயும் பட்டையும் ஒன்றும் செய்ய முடியாது.

கித்தாவோடு மட்டும் நிற்காமல், ஒரு ஓரத்தில் கனத்த மரமும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. கித்தா வேகமாகப் பிடித்து நல்ல சுவாலை கொடுக்கும், வதக்கவும் கொதிக்கவும் அது போதும். தம் போடும் நேரத்துக்குச் சுவாலை வேண்டாம், நின்று சிவக்கும் கங்கு வேண்டும். அதற்கு ரம்புத்தான், மங்குஸ்தான், புளி, சவுக்கு. பாலிக் பூலாவ், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் கிழமரத்தை வெட்டும்போது சொல்லி வையுங்கள். அந்தக் கட்டைகள் இரும்பு மாதிரி கனக்கும், நாலிலிருந்து ஆறு மாதம் காய வேண்டும், பிளக்க ஆளுக்குக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தகும். டுரியான் மரம் அதே தோட்டத்தில் கிடைக்கும், ஆனால் லேசான மரம், அடுப்பு மூட்டத்தான் உதவும். யாராவது டுரியான் கட்டையைக் கெட்டிமரம் என்று விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பாக்காவ் கட்டை, அதாவது சதுப்புநில மரம், எங்கள் பாட்டி காலத்து அடுப்பில் ராஜா. தண்ணீரில் போட்டால் மூழ்கும். இன்று அது பெரும்பாலும் பேராக்கின் கோலா செபாத்தாங் கரிச்சூளைகளுக்குப் போகிறது. அங்குள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டை 1902 முதல் முறையாகப் பராமரித்து, 30 வருஷச் சுழற்சியில் வெட்டுகிறார்கள். அங்கிருந்து முறையாக வரும் கரியை வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் இங்கே கடலோரத்தில் வெட்டிய பாக்காவைப் பாதி விலைக்கு ராத்திரியில் இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் விறகும் வனப்பொருள்தான், காட்டிலிருந்து எடுக்க உரிமமும் லோரியில் ஏற்றிப்போகப் பாஸும் வேண்டும். கித்தாத் தோட்டக்காரரிடமும் "நிலம் யாருடையது, ஏற்ற என்ன காகிதம் வைத்திருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். தனியார் நிலம் என்றாலும் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். நடுவழியில் லோரி பிடிபட்டால் முன்பணம் கொடுத்தவர் நீங்கள்.

சில மரங்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். கலப்புக் கட்டை என்று காட்டுமரமும் சேர்ந்து வந்தால் ரெங்காஸ் இருக்கிறதா பாருங்கள். மாமர வகைதான், உள்ளே அழகான சிவப்பு, வெட்டிய இடத்தில் சாறு கசிந்து கறுப்பாகும். எங்களிடம் பிளந்துகொண்டிருந்த ஒருவருக்கு மறுநாள் இரண்டு கையும் கொப்புளமாக வீங்கி, கண் மூடிக்கொண்டது. அதன் புகையும் ஆகாது. அரளிக் கட்டையும் அப்படித்தான், விஷம். கறுத்த சாறு கண்டாலே அந்தக் கட்டையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது இலவசமாகக் கிடைப்பவை. மேசை நாற்காலி ஆலையிலிருந்து வரும் கித்தாத் துண்டுகள் நன்றாகக் காய்ந்திருக்கும், சீராக இருக்கும், சும்மாவே தருவார்கள். ஆனால் நான் மேலே சொன்ன அதே வண்டுக்குப் பயந்து அந்த மரத்துக்கு போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள், மேலே பசையும் வார்னிஷும் இருக்கலாம். சமையலுக்கு வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகளில் கிடைக்கும், சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகளில் (பேலட்) முத்திரையைப் பாருங்கள். எச்.டி என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, அடுப்பு மூட்ட ஆகும். எம்.பி என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். பெயிண்ட் அடித்தது, பச்சை நிறம் ஏற்றிய வேலிக்கம்பம், கான்கிரீட் அச்சுப் பலகை எல்லாம் இதே கணக்கு.

கடைசியாகக் காசு. விலை இடத்துக்கு இடம் மாறும், அதனால் கணக்குப் போடும் விதத்தை மட்டும் காட்டுகிறேன், எண்கள் வெறும் உதாரணம். லோரிக்கு 700 வெள்ளி என்று வையுங்கள். அறுக்கவும் பிளக்கவும் இரண்டு ஆள் இரண்டு நாள், ஆளுக்கு நாளுக்கு 100 வெள்ளி, ஆக 400. சங்கிலிவாளுக்கு எண்ணெய், சங்கிலி தீட்ட 60. மொத்தம் 1,160. அதை 3.5 டன்னால் வகுத்துவிட்டு "டன் 331 வெள்ளிதான்" என்று குதிக்கக் கூடாது, அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். காய்ந்த 2.4 டன்னால் வகுங்கள், 483 வரும். நீங்கள் இப்போது வாங்கும் பிளந்த விறகை ஒரு கட்டு நிறுத்துப் பார்த்து, டன்னுக்கு என்ன விலை ஆகிறது என்று இதோடு ஒப்பிடுங்கள். அந்தக் கட்டு உண்மையிலேயே காய்ந்ததுதானா என்று சோப்புத் தண்ணீர் வைத்துச் சோதித்துவிட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் நான் கட்டை வாங்க மாட்டேன். இடத்துக்கு வாடகை, முதுகுவலி, பாம்பு, இதற்கெல்லாம் கணக்கில் இடமே இல்லை. மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கூலிம்காரரிடம் முதலில் ஒரே ஒரு லோரி பேசுங்கள். இப்போது மழை, நவம்பர் கடைசி வாரம் ஏற்றச் சொல்லுங்கள். அதற்குள் ஜிங்குக் கொட்டகை நின்றிருக்க வேண்டும், ஆட்களுக்கும் நாள் சொல்லியிருக்க வேண்டும். முதல் லோரியில் பத்துத் துண்டுக்கு நம்பர் எழுதி, பிளந்த அன்று நிறுத்து எடையைச் சுண்ணாம்பில் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை அதையே நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் எடை இறங்காமல் நின்றால் அது காய்ந்தது. அந்தப் பத்துத் துண்டு எத்தனை வாரம் எடுத்துக்கொண்டது என்பதை வைத்து அடுத்த லோரிக்கு எப்போது போன் போடுவது என்று முடிவு செய்துகொள்ளலாம்.